கண் மஞ்சளித்தால் காத்திருக்காதீர்கள்!
பித்தக் குழாய்ப் புற்றும் காலத்தில் செய்யும் ஆபரேஷனும்

மஞ்சக் காமாலை என்றால் தோட்டப்புறத்தில் முதலில் ஞாபகத்துக்கு வருவது கீழாநெல்லி. லயத்துக்குப் பின்னால் தானாக முளைத்துக் கிடக்கும். பறித்து அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடித்தால் மூன்று நாளில் சரியாகிவிடும் என்று பாட்டி சொல்வார். "பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தர் மந்திரிக்கிறாராம் அக்கா, தட்டுல இருக்கிற தண்ணி மஞ்சளா மாறுதாம்" என்று அடுத்த வீட்டிலிருந்து செய்தி வரும். எண்ணெய் நின்றுவிடும், உப்பு நின்றுவிடும், பத்தியம் ஆரம்பமாகும். இப்படியே இரண்டு வாரம், மூன்று வாரம், ஒரு மாதம் ஓடிவிடும்.

பலருக்குக் காமாலை இறங்கியும் விடுகிறது. அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் தொற்றுகிற கல்லீரல் அழற்சி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். பச்சிலை குடித்தாலும் தணியும், குடிக்காவிட்டாலும் தணியும். தணிந்ததும் பேர் பச்சிலைக்குப் போய்விடுகிறது.

ஆனால், தானாக இறங்காத காமாலையும் உண்டு. வலியில்லாமல், காய்ச்சல் இல்லாமல், நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று பித்தக் குழாயில் வரும் புற்றுநோய். அடிக்கடி வருகிற நோய் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கே அதிகம் வருகிறது. வந்தால், அதைத் துடைத்தெடுக்கக்கூடிய முதன்மையான வழி ஆபரேஷன்தான். அந்த ஆபரேஷனைச் செய்ய முடியுமா முடியாதா என்பதோ, எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறோம். யாரையும் பயமுறுத்த அல்ல.

மரமும் மங்கும்

பால் வெட்டிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மரத்தில் உளி போட்டால் பால் கோட்டு வழியாக இறங்கி, தகரத் துண்டு வழியாக மங்கில் விழுகிறது. அந்தத் தகரத்தின் வாயில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மரம் பால் விடுவதை நிறுத்தாது. பால் வழி தவறி மரப்பட்டை மேலெல்லாம் வழியும். மங்கு காலியாகக் கிடக்கும்.

நம் வயிற்றில் வலது விலாவுக்கு அடியில் இருக்கும் கல்லீரல்தான் மரம். அதில் ஊறும் பித்தநீர்தான் பால். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஊறுகிறது. கல்லீரலின் வலப்பக்கத்திலிருந்து ஒரு குழாயும் இடப்பக்கத்திலிருந்து ஒரு குழாயும் வெளியே வந்து ஒன்றாகச் சேருகின்றன. வழியில் பித்தப்பையின் குழாயும் அதில் வந்து கலக்கிறது. பிறகு கணையம் என்ற உறுப்பின் தலைப்பகுதிக்குள் நுழைந்து சிறுகுடலில் போய்த் திறக்கிறது. குடல்தான் மங்கு. இந்தப் பொதுக் குழாயின் அகலம் ஏறக்குறைய ஒரு பென்சில் கனம்தான்.

பித்தநீரில் ஒரு மஞ்சள் சாயம் இருக்கிறது. வயதாகிப்போன சிவப்பு இரத்த அணுக்கள் உடைந்து உண்டாகிற கழிவு அது. மலத்துக்கு நிறம் கொடுப்பதும் அதுவே. குழாய் அடைபட்டால் சாயம் குடலுக்குப் போகாது, மலம் வெளுத்துவிடும். போக வழியில்லாத சாயம் இரத்தத்தில் திரும்பிக் கலந்து கண்ணையும் தோலையும் மஞ்சளாக்கும். சிறுநீரில் இறங்கி அதைக் கறுக்க வைக்கும்.

குழாய் இவ்வளவு சிறியதாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. வயிற்றுக்குள் வேறு இடங்களில் வரும் கட்டி பெரிதாக வளரும்வரை சத்தமே போடாது. பித்தக் குழாயில் வருவதோ, இரண்டு சென்டிமீட்டர் வளர்வதற்குள்ளேயே குழாயை அடைத்துவிடக் கூடும். உடனே கண்ணில் மஞ்சளைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த எச்சரிக்கையை மதிக்கிறோமா, மோரில் கரைத்துக் குடித்துவிடுகிறோமா என்பது நம் கையில் இருக்கிறது. கண் மஞ்சளிக்கும்போதே சிலருக்கு நோய் பரவி இருப்பதும் உண்டு. அப்படியிருக்க, கையிலுள்ள ஒவ்வொரு வாரமும் பெரிது.

எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கண்ணைப் பாருங்கள். நம்மில் பலர் மாநிறம், கறுப்பு. தோலில் மஞ்சள் சீக்கிரம் தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பார்த்தால் தெரியும். குழல் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து ஏமாறாதீர்கள்.

இரண்டாவது, சிறுநீர். தண்ணீர் நிறையக் குடித்த பிறகும் தே-ஓ நிறத்தில் போனால் கவனியுங்கள். மூன்றாவது, மலம். வெளுத்த களிமண் நிறத்தில் போனால் குழாய் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. டாக்டர் முதலில் கேட்பதே அதைத்தான்.

நான்காவது, அரிப்பு. உள்ளங்கை, உள்ளங்கால் என்று ஆரம்பித்து உடம்பு முழுக்க அரிக்கும். இராத்திரியில் தூங்க விடாது. உரம் போட்டதால் வந்தது, கம்பளிப் பூச்சி பட்டது என்று தோட்டத்தில் இதற்குச் சொல்லிக்கொள்ள நூறு காரணம் உண்டு. தடிப்பு எதுவும் இல்லாமல் அரித்தால் கண்ணையும் பாருங்கள். இவற்றோடு பசி குறைவதும், உடம்பு இளைத்துச் சிலுவாரின் இடுப்பு தொளதொளவென்று ஆவதும் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

"வலியே இல்லையே, அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். அந்த வலியில்லாமைதான் சந்தேகத்துக்குரியது. பித்தக் கல் குழாயில் சிக்கினால் பெரும்பாலும் வலி பிடுங்கும். 1890-இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் லுட்விக் கூர்வோசியே ஒன்றைக் கவனித்து எழுதினார். காமாலையோடு பித்தப்பை வலியில்லாமல் வீங்கிக் கைக்குத் தட்டுப்பட்டால், அதற்குக் கல் காரணமாக இருப்பது அபூர்வம் என்றார். இன்றைக்கும் டாக்டர்கள் வயிற்றில் கை வைத்துப் பார்க்கும்போது அதை நினைவில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. காமாலையோடு குளிர் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், அடைபட்ட குழாயில் கிருமி புகுந்திருக்கலாம். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலாகவும் இருக்கலாம். அது ஈரத்திலும் புல்லிலும் வேலை செய்கிறவர்களைத் தாக்குவது. இரண்டும் உயிருக்கு ஆபத்தானவை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

தோட்டத்தில் மருந்தகம் இருந்தால் அங்கே காட்டுங்கள். இல்லையென்றால் பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். முதலில் இரத்தம் எடுப்பார்கள். காமாலை கல்லீரல் கெட்டதால் வந்ததா, குழாய் அடைபட்டதால் வந்ததா என்பதற்கு அதில் ஓரளவு துப்பு கிடைக்கும்.

அடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் பசை தடவிப் பார்க்கிறார்களே, அதே கருவிதான். வலி கிடையாது, ஊசி கிடையாது, பத்து இருபது நிமிட வேலை. கல்லீரலுக்குள் குழாய்கள் வீங்கியிருக்கின்றனவா, கல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். குழாய் வீங்கியிருந்து கல் எதுவும் காணவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்தால் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். "தீபாவளி முடியட்டும்", "மக கல்யாணம் முடியட்டும்" என்று நாள் கடத்தாதீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி எங்கே இருக்கிறது, பக்கத்திலுள்ள இரத்தக் குழாய்களைப் பிடித்திருக்கிறதா, நுரையீரலுக்கோ கல்லீரலின் மற்றப் பகுதிக்கோ பரவியிருக்கிறதா என்று அது காட்டும். காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியில் பித்தக் குழாய்களை மட்டும் கிளை கிளையாகக் காட்டும் ஒரு முறையும் உண்டு. அதற்கு எம்.ஆர்.சி.பி. என்று பெயர். அடைப்பு எந்தக் கிளையில் என்பதை அது காட்டுவதால் அறுவை மருத்துவருக்கு மிகவும் உதவும்.

வாய் வழியாக வளையும் குழாயை விட்டுச் சிறுகுடலில் பித்தக் குழாய் திறக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து உள்ளே போகும் முறை இ.ஆர்.சி.பி. அமெரிக்க டாக்டர் வில்லியம் மெக்கூனின் குழுவினர் 1968-இல் இதை முதலில் வெளியிட்டார்கள். இதில் அடைப்புள்ள இடத்தைச் சின்ன பிரஷ்ஷால் சுரண்டி, அணுக்களைப் பரிசோதனைக்கு எடுக்கலாம். பித்தநீர் இறங்க ஒரு சிறு குழாயையும் பொருத்தலாம். முடிந்தவரை சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை எடுத்த பிறகே இந்தக் குழாயைப் பொருத்துவது நல்லது. குழாய் வைத்த பிறகு அந்த இடம் அழற்சியால் வீங்கிப் படத்தைக் குழப்பிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். பிரஷ்ஷால் சுரண்டி எடுத்ததில் "புற்று அணு இல்லை" என்று வந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. இந்தப் புற்று நார்போல் இறுகி வளர்வது. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, நோய் இருந்தும் அந்தச் சோதனையில் பிடிபடுவதில்லை. சி.ஏ. 19-9 என்ற இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். கல் அடைத்தாலும் அது ஏறும், புற்று இருந்தும் சிலருக்கு ஏறாது. ஆகவே டாக்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். புற்றைப் போலவே வேடம் போடும் ஓர் அழற்சி நோயும் உண்டு. அது மாத்திரைக்கே கரைந்துவிடும். அதனால் அதையும் தேடிப் பார்ப்பார்கள். "ஏன் இத்தனை டெஸ்ட்?" என்று சலித்துக்கொள்ளக் கூடாது.

தாய்லாந்து கிராமங்கள் காட்டும் வழி

உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாக இருப்பது நமக்குப் பக்கத்திலேதான். தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள மக்கள் நெல் விளைக்கும் ஏழைக் குடியானவர்கள். ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து உண்பது அவர்கள் தலைமுறை வழக்கம். அந்த மீனில் ஒரு தட்டைப்புழு இருக்கிறது. அது பித்தக் குழாயில் குடியேறி வருடக்கணக்கில் வாழ்ந்து புண்ணாக்கும். பல வருடம் கழித்துச் சிலருக்கு அந்தப் புண் புற்றாக மாறும். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இந்தப் புழு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று 1994-இல் அறிவித்தது.

அந்த ஊர்களில் கண் மஞ்சளித்த பிறகு வந்தவர்களில் பலருக்குக் காலம் கடந்திருந்தது. ஆகவே கோன் கேன் பல்கலைக்கழக டாக்டர்கள் 2013-இல் ஒரு திட்டத்தை ஆரம்பித்தார்கள். மக்கள் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், அல்ட்ராசவுண்ட் கருவியோடு கிராமங்களுக்குப் போனார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களை வரிசையாகப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். உடம்பில் ஒரு குறையும் தெரியாதவர்களிடம்கூடச் சின்னக் கட்டிகள் அகப்பட்டன. அப்படிச் சிறுசாக அகப்பட்ட கட்டிகளை வெட்டி எடுக்க முடிந்தது.

நம் நாட்டில் அந்தப் புழு அப்படிப் பரவியிருக்கவில்லை. ஊர் முழுக்க ஸ்கேன் எடுக்க வேண்டிய தேவையும் இங்கே இல்லை. ஆனால் பித்தக் குழாயில் பிறவியிலேயே பை போன்ற வீக்கம் உள்ளவர்கள், கல்லீரலுக்குள்ளேயே கல் உள்ளவர்கள், பி அல்லது சி வகைக் கல்லீரல் அழற்சி உள்ளவர்கள், கல்லீரல் சுருங்கிப்போனவர்கள், இவர்களுக்கு ஆபத்து அதிகம். டாக்டர் சொன்ன தவணைக்குத் தவறாமல் போக வேண்டும். சம்சு குடித்துக் கல்லீரலைச் சுருங்க வைத்துக்கொண்டவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். கல்லீரல் சுருங்கிவிட்டால் பிறகு ஆபரேஷனைத் தாங்குவதே கஷ்டம்.

ஆபரேஷன் என்றால் என்ன செய்கிறார்கள்?

கட்டி எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து ஆபரேஷன் மாறும்.

குழாயின் அடிப்பகுதியில், கணையத்துக்குள் நுழையும் இடத்தில் கட்டி இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தனியாக வெட்ட முடியாது. அங்கே குழாய், கணையத்தின் தலை, சிறுகுடலின் ஆரம்பம் மூன்றும் ஒட்டிப் பிறந்தவை, ஒரே இரத்தக் குழாயில் இரத்தம் குடிப்பவை. ஆகவே மூன்றையும் பித்தப்பையோடு சேர்த்து எடுத்துவிட்டு, மிச்சமுள்ள கணையத்தையும் பித்தக் குழாயையும் இரைப்பையையும் குடலோடு திரும்ப இணைப்பார்கள். பெர்லினில் வால்தர் கவுஷ் என்ற அறுவை மருத்துவர் செய்து 1912-இல் வெளியிட்டார். நியூயார்க்கில் ஆலன் விப்பிள் 1935-இல் வெளியிட்ட பிறகு அவர் பேரே நிலைத்துவிட்டது. விப்பிள் ஆபரேஷன் என்று சொல்வார்கள். ஐந்தாறு மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கும்.

வலது குழாயும் இடது குழாயும் சேருகிற சந்தியில் கட்டி வருவதுதான் அதிகம், பாதிப் பேருக்கு மேல் அங்கேதான். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து டாக்டர் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் 1965-இல் இப்படிப்பட்ட 13 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். இந்த இடத்தில் குழாயை மட்டும் வெட்டினால் போதாது. புற்று குழாயின் சுவரோடு ஊர்ந்து கல்லீரலுக்குள் போயிருக்கும். எனவே கல்லீரலின் ஒரு பாதியையும், பின்புறமுள்ள சிறு மடலையும், சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டு, மீதிக் கல்லீரலின் குழாயைக் குடலோடு தைப்பார்கள். கல்லீரலுக்குள்ளேயே உள்ள சின்னக் குழாயில் கட்டி வந்தால், கல்லீரலின் அந்தப் பகுதியை நீக்குவார்கள்.

"பாதிக் கல்லீரலை எடுத்துட்டா மனுஷன் எப்படிப் பொழைப்பான்?" என்று கேட்பது நியாயம். வெட்டினால் திரும்ப வளரும் உறுப்பு கல்லீரல். நல்ல கல்லீரலாக இருந்தால் பாதிக்கு மேல் எடுத்தாலும் மீதி சில வாரங்களில் பருத்து வேலையை ஏற்றுக்கொள்ளும். ஆனால் காமாலையில் ஊறிய கல்லீரல் களைத்துப்போயிருக்கும். அதனால் முதலில் அடைபட்ட பித்தநீரைக் குழாய் வைத்து வடிப்பார்கள். மிச்சமாகப் போகும் பகுதி சிறியதாக இருந்தால், எடுக்கப்போகும் பகுதிக்குப் போகும் இரத்தத்தை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். மற்றப் பகுதி சில வாரங்களில் வளர்ந்துவிடும். 1980-களில் ஜப்பானிய அறுவை மருத்துவர் மசாதோஷி மக்கூச்சி வளர்த்த முறை இது. காமாலை உள்ளவர்களுக்கு இரத்தம் சீக்கிரம் உறையாது என்பதால் வைட்டமின் கே ஊசியும் போடுவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் குடும்பத்தில் சண்டை வரும். "நோயைக் கண்டுபுடிச்சு ஒரு மாசம் ஆச்சு, இன்னும் வெட்டாம இழுத்தடிக்கிறாங்க, வாங்க வீட்டுக்குப் போயிடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒன்றும் செய்யாமல் வீட்டில் கடத்தும் ஒரு மாதம் வேறு. கல்லீரலைத் தேற்றுவதற்காக டாக்டர் எடுத்துக்கொள்ளும் சில வாரம் வேறு. அந்த வாரங்களும் வைத்தியத்தில் சேர்ந்தவைதான்.

கத்தி வைத்தால் பரவிவிடுமா?

தோட்டத்தில் மட்டுமல்ல, பட்டணத்திலும் இதைச் சொல்கிறார்கள். "புத்துல கத்தி படக்கூடாது, பட்டா உடம்பு பூரா பரவிடும்." இந்தப் பேச்சு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். முன்பு ஸ்கேன் வசதி இல்லை. நோய் முற்றிய பிறகே ஆட்கள் போனார்கள். டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்தார், எடுக்க முடியாத அளவு பரவியிருந்தது, திரும்பத் தைத்து அனுப்பினார். சில மாதத்தில் அவர் இறந்தார். பார்த்தவர்கள் பழியைக் கத்தி மேல் போட்டார்கள். கத்தி படுவதற்கு முன்பே நோய் பரவியிருந்தது என்பதுதான் உண்மை.

இன்று ஸ்கேனில் பார்த்து, எடுக்க முடியும் என்று நம்பிக்கை இருந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பார்கள். சிலருக்கு முதலில் தொப்புள் பக்கம் சிறு துளை போட்டுக் கேமராவால் பார்த்துவிட்டுத் தொடருவார்கள். வெட்டும்போதே குழாயின் ஓரத்தை உறைய வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஓரத்தில் புற்று அணு இருந்தால், முடிந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுவார்கள்.

ஆபரேஷனில் ஆபத்தே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தையல் கசியலாம், கிருமி புகலாம், இரத்தம் ஒழுகலாம். 1970-களில் விப்பிள் ஆபரேஷன் செய்தவர்களில் நான்கில் ஒருவர் வரை இறந்ததுண்டு. இன்று அனுபவமுள்ள ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. கல்லீரலையும் சேர்த்து வெட்டும் ஆபரேஷனில் ஆபத்து அதைவிடச் சற்று அதிகம். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்து கைபழகிய இடத்தில் செய்துகொள்வது முக்கியம். நம் நாட்டில் செலாயாங் அரசாங்க ஆஸ்பத்திரியில் கல்லீரல், பித்தக் குழாய் நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊர் டாக்டர் அங்கே அல்லது அதுபோன்ற வேறு இடத்துக்கு எழுதிக் கொடுத்தால், தூரம் என்று மறுக்காதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது? முழுவதையும் எடுக்க முடியும் என்று நினைக்கிறீர்களா? எடுத்த பிறகு எவ்வளவு கல்லீரல் மிஞ்சும்? ஆபரேஷன் செய்யாவிட்டால் வேறு என்ன வழி? மொழி புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த தாதியை அழைக்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பயப்பட வேண்டியதில்லை.

அதற்கு அப்புறம்

ஒழுங்காகத் தேறினால் இரண்டு வாரம் போல ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டி வரும். வீட்டுக்கு வந்த பிறகும் பழைய பலம் வரப் பல மாதம் ஆகும். பசி சீக்கிரம் திரும்பாது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும். கணையத்தை வெட்டியவர்களுக்குச் சாப்பாட்டோடு செரிமான மாத்திரையும், சிலருக்கு நீரிழிவு மருந்தும் தேவைப்படும். காண்டா சுமப்பது, குலை தூக்குவது எல்லாம் டாக்டர் சொன்ன பிறகுதான்.

வெட்டிய பிறகு மாத்திரையும் உண்டு. இங்கிலாந்தில் ஆபரேஷன் முடிந்த 447 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2019-இல் வெளியானது. கேப்சிட்டபின் என்ற மாத்திரையை ஏறக்குறைய ஆறு மாதம் சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததாக அதில் தெரிந்தது. அதிலிருந்து பல நாடுகளில் அது வழக்கமாகிவிட்டது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் தொடரும்.

பலன் எப்படி? மறைக்காமல் சொல்கிறோம். வெட்டி எடுக்க முடிந்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 40 பேர் வரை ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். ஓரம் சுத்தமாக இருந்து, நிணநீர் முடிச்சுக்குப் பரவாமல் இருந்தவர்களுக்கு அதைவிட நல்ல பலன். வெட்ட முடியாத நிலையில் போனவர்களுக்கு மருந்தோடு பெரும்பாலும் ஒரு வருடம் அளவுதான் கணக்கு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு பேரப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கிற வித்தியாசம் அது.

வெட்ட முடியாது என்று டாக்டர் சொன்னாலும் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. குழாய் வைத்துப் பித்தநீரை வடித்தால் அரிப்பும் மஞ்சளும் இறங்கும், பசி வரும், நிம்மதியாகத் தூங்கலாம். மருந்து வைத்தியமும் உண்டு.

சம்பளம் போய்விடுமே!

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நாள் கடத்துவதற்குப் பலர் சொல்லும் காரணம் இதுதான். ஒரு நாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் வருடத்தில் 60 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு என்கிறது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். டாக்டர் சான்றிதழைப் பத்திரமாக வைத்து, ஆபீசில் உடனே தெரிவித்துவிடுங்கள். சேமநிதியில் பணம் இருந்தால் புற்றுநோய் வைத்தியத்துக்கு எடுக்க வழி உண்டு. இனி வேலையே செய்ய முடியாது என்ற நிலை வந்தால், சொக்சோவின் பென்சன் இலாட் கிடைக்குமா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் அங்கேயுள்ள சமூகநல அதிகாரியைப் பார்க்கலாம். தொழிற்சங்கத் தலைவரும் படித்த பிள்ளைகளும் இந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுத்தால் பெரிய உபகாரம்.

கீழாநெல்லி மேல் நமக்குக் கோபம் இல்லை. நம் பாட்டிமார் கையில் வேறு மருந்து இல்லாத காலத்தில் அதைத்தான் கொடுத்தார்கள். ஆனால் அடைபட்ட குழாயை எந்த இலையும் திறக்காது. ஆகவே கண்ணில் மஞ்சள் தெரிந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, அடுத்து ஸ்கேன். கல் என்று வந்தாலும் சரி, காய்ச்சல் என்று வந்தாலும் சரி, எதுவும் இல்லை என்று வந்தாலும் சரி, போனதால் நஷ்டமில்லை. வேறு ஏதாவது என்றால், வெட்டி எடுக்கக்கூடிய காலத்திலேயே தெரிந்துவிடும்.

இன்று மாலை வேலை விட்டு வந்ததும், வெளிச்சம் மங்குவதற்குள் உங்கள் வீட்டுப் பெரியவர்களை வாசலில் உட்கார வைத்து ஒருமுறை கண்ணைப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு இதைப் படித்தும் காட்டுங்கள்.